தலையாட்டாத, வாயத் திறந்து சொல்லு

வாயில் இரண்டு ஊக்குகளைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைத் தோளில் குத்திக்கொண்டிருக்கிறாள் ஸ்வீட்லின். விடிந்தும் விடியாத நேரம். முந்தானை மடிப்பில் ஒன்று கோணினாலும் போச்சு, மொத்தத்தையும் அவிழ்த்து மறுபடி கட்டுவாள். கொண்டை போட்டாயிற்று. கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்குகிறது. இத்தனை சிங்காரமும் எங்கே போவதற்கு என்று கேட்டால், எங்கேயும் இல்லை. அடுப்படிக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. அங்கே நின்று அவள் ஒரு பட்டன் போனில் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடம் நடத்தப்போகிறாள். அந்தப் போனில் கேமராவே கிடையாது.

"ஏட்டி, ஒன்ன இங்கன யாரு பாக்கா? நைட்டியோட நின்னு சொன்னா கணக்கு வராதாக்கும்?" என்று அம்மா சாலோமி தினமும் கேட்பாள்.

"நான் பாக்கேன்லா" என்பாள் ஸ்வீட்லின், ஊக்கு பல்லில் இருக்கும்போதே.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எட். கடைசி வருடம். வீடு சேரன்மகாதேவியில், கோயில் மணிச்சத்தம் காதைப் பிளக்கிற தெருவில். இந்த வீட்டுக்குப் படியளந்ததே பள்ளிக்கூடம்தான். அப்பா ஞானையா ஸ்கூல் வேன் ஓட்டினார். அம்மா யூனிபார்ம் தைத்தாள். மகள் டீச்சராகப் படித்தாள். கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் மூன்று பேர் கையும் ஒரே பூட்டில் மாட்டிக்கொண்டது. வேன் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிறது. ஜூன் மாதத்துக்கென்று தைத்த நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் வாங்க ஆளில்லாமல் தையல் மிஷின் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. பாளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில், "இந்த வருஷம் பாஸ் பண்ணிட்டு வா, கணக்குக்கு ஆள் வேணும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு மூச்சுவிடுகிறது.

பி.எட். படிக்கிறவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். கற்பித்தல் பயிற்சி என்று அதற்குப் பெயர். ஸ்வீட்லினுக்கு விழுந்தது ஆற்றங்கரைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. பள்ளி மூடிக்கிடக்கிறதா, ஆன்லைனில் நடத்துங்கள் என்று கல்லூரி சொல்லிவிட்டது. சொல்லுவதற்கு என்ன, வாயா வலிக்கும்? அந்த வகுப்பில் டச் போன் உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணினால் ஒரு கை மிச்சம். மற்ற வீடுகளில் பட்டன் போன்தான். அதுவும் வீட்டுக்கு ஒன்று. அப்பன்காரன் காலையில் வயலுக்கோ சூளைக்கோ கிளம்பினால் போனும் இடுப்பில் ஏறிக் கிளம்பிவிடும். சாயங்காலம் திரும்பி வருகிறபோது சார்ஜ் செத்திருக்கும், அப்பனும் பாதி செத்திருப்பான்.

கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கூகுள் மீட்டைத் திறந்துவைத்து, வெறும் திரையைப் பார்த்து அரை மணி நேரம் பேசி, "வகுப்பு நடந்தது" என்று எழுதிக்கொடுத்தார்கள். ஸ்வீட்லின் முதல் நாள் அதைத்தான் செய்தாள். ஒரே ஒரு பிள்ளை வந்தது. அதுவும் பாதியில் காணாமல் போனது. அன்றைக்கு அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் இருக்கிற தெருத்தெருவாகப் போனாள். "ஒங்க வீட்டு போன் எப்பம் வீட்டுல இருக்கும்?" என்ற ஒரே கேள்வி. எல்லா வீட்டிலும் ஒரே பதில். விடியக்காலம், அப்பா கஞ்சி குடித்துக் கிளம்புகிற வரைக்கும்.

அப்படியானால் பள்ளிக்கூடமும் விடியக்காலம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அம்மாவின் பட்டன் போனில் கான்பரன்ஸ் போட்டால் ஒரு நேரத்துக்கு ஐந்து பிள்ளைகள் சேரலாம். அவர்கள் முடிந்ததும் அடுத்த ஐந்து. எழுந்து தயாராகிவிட்ட பிள்ளை ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். அதுதான் வருகைப்பதிவு. பல் தேய்க்கிற நேரத்தில் அந்தப் போன் விட்டுவிட்டு அலறுவதைக் கேட்டு, "எங்க வீட்டுல ஆம்புலன்ஸ் ஆபீஸா நடக்கு?" என்று ஞானையா போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

உட்கார்ந்து பாடம் நடத்த அவளுக்கு வராது. கையில் சாக்பீஸ் இல்லாவிட்டால் வாய் ஓடாது. கொல்லைக் கதவின் உள்பக்கத்தில் கரும்பலகைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி டின் மேல் நிறுத்திவிட்டு, கதவில் எழுதி எழுதிச் சொல்லுவாள். எழுதுவதை ஒரு பிள்ளையும் பார்க்கப்போவதில்லை. அதைச் சொன்னால், "நான் எழுதலன்னா அதுகளுக்கு எப்படிக் கேக்கும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். அழித்த கையைப் புடவை இடுப்பிலேயே துடைத்துக்கொள்வது ஒரு பழக்கம். சாலோமி அதற்கும் திட்டுவாள்.

முகம் தெரியாத வகுப்பு அவள் காதைத் தீட்டிவிட்டது. குக்கர் விசில் அடித்தால் அது எபி வீடு. ஆடு கத்தினால் மணிராஜ் ஆட்டுக்கொட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கிறான், வேறு எங்கே உட்கார்ந்தாலும் தங்கச்சி போனைப் பிடுங்குவாள். பிள்ளைகளிடம் ஒரு வழக்கம். கேள்வி கேட்டால் போனிலும் தலையாட்டும். "புரிஞ்சுதா?" என்றால் ஐந்து பக்கமும் சத்தமே இருக்காது, ஐந்து தலையும் ஆடிக்கொண்டிருக்கும். அஸ்ஃபியா தலையாட்டினால் காதுத் தொங்கட்டான் போனில் பட்டு டிக், டிக் என்று கேட்கும். ஸ்வீட்லின் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்துவிடுவாள்.

"அஸ்ஃபியா, தலையாட்டாத, வாயத் திறந்து சொல்லு."

"ஒங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

"டீச்சருக்குத் தெரியாம இருக்குமா?"

ஒரு தடவை மட்டும் வசமாக மாட்டிக்கொண்டாள். முக்கோணத்தின் பரப்பளவு நடத்தவேண்டும். படம் இல்லாமல் எப்படிச் சொல்லுவது? யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். அந்த வகுப்பில் முக்கால்வாசி வீட்டில் அம்மாமார் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்கள். எல்லார் வீட்டிலும் இலை வெட்டுகிற தகரத் தகடு உண்டு. எல்லாத் தகடும் ஒரே அளவுச் செவ்வகம். ஐந்து வீட்டில் ஐந்து பிள்ளைகள் கையில் ஒரே படம்! சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவளுக்கு. "தகட்ட வச்சு ஒரு இலைய வெட்டு. இப்பம் அத மூலைக்கு மூலை குறுக்க வெட்டு. ரெண்டு முக்கோணம் கெடச்சுதா?" என்றாள். கிடைத்தது. கூடவே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவின் குரலும் கிடைத்தது.

"ஏ டீச்சரு! ஒம் பாடத்துக்கு என் இலையா கெடச்சுது? கடக்காரன் இலைய நிறுத்துல்லா குடுக்கான்! கொறஞ்சா ஒங்கப்பனா வந்து குடுப்பான்?"

அது மணிராஜின் அம்மா. வரிசையாக மற்ற வீடுகளிலும் ஆரம்பித்தது. கான்பரன்ஸ் கால் ஆயிற்றே, ஒரு அம்மா திட்டுவது எல்லா அம்மாவுக்கும் கேட்டு, ஆளாளுக்குத் தைரியம் வந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் போனை அணைத்துவிட்டு அழுதிருப்பார்கள். ஸ்வீட்லின் கடைசிவரை வாங்கிக்கட்டிக்கொண்டு, "தப்பு எம்மேலதான்க்கா. நாளைக்கு இலை வேண்டாம், பேப்பர்ல வெட்டச் சொல்லுதேன். தகட்ட மட்டும் குடுங்க" என்றாள். மறுநாள் அதே நேரத்துக்கு மிஸ்டு கால் வந்தது. மணிராஜின் அம்மாதான் கொடுத்தாள். "பேப்பர் வெட்டி வச்சிட்டான். சீக்கிரம் நடத்து, அவிய அப்பா கெளம்பிருவாவ" என்றாள்.

கல்லூரியில் சித்ரலேகா மேடம்தான் இவளுக்கு மேற்பார்வை. டவுணில் குடியிருக்கிறவர், கெட்ட மனுஷி இல்லை. பிள்ளைகள் எல்லாம் பாஸாகிவிட வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத குறை. இறுதித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் கூகுள் மீட்டில் வருவார், பதினொரு மணிக்குப் பாடம் நடத்திக் காட்டவேண்டும் என்று மேடம்தான் போனில் சொன்னார்.

"பதினோரு மணிக்குப் பிள்ளையள்ட்ட போன் இருக்காதே மேடம். காலையில ஆறு மணிக்கு வச்சா என்ன?"

"அந்த மனுஷன் ஆறு மணிக்குப் பல்லு வெளக்குவாரா, ஒன் கிளாஸ கேப்பாரா? இங்க பாரு ஸ்வீட்லின். பக்கத்து வீட்டுப் பிள்ளைய ரெண்டு மூணப் புடி. யூனிபார்ம போடு. கேமராக்கு முன்னால உக்கார வையி. எல்லாரும் அப்படித்தான் செய்யிதாவ."

"அதுக எங் கிளாஸ் பிள்ளைய இல்லயே."

"அது யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா மேடம்."

மேடம் பெருமூச்சு விட்டார். "நான் ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார். பின்னால் நின்று சாலோமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒலகம் பூரா ஒரு பக்கம் போனா இவ ஒரு பக்கம். ஒனக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஸ்வீட்லின் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை. மறுநாள் விடியக்காலம் பாடம் முடிந்ததும், "தேர்வு அன்னைக்கு மட்டும் ஒங்கள்ல அஞ்சு பேரு வீட்டுல போன் இருக்கணும். முடியுமான்னு அப்பாட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டாள். கெஞ்சவில்லை.

மணிராஜின் அப்பா பரமசிவன் டிராக்டர் ஓட்டுகிறவர். போன் வந்தால்தான் உழவு, உழவு இருந்தால்தான் சோறு. நடவுக்காலம் வேறு. அவர் அன்றைக்கு இரவே தானாகக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, எவனுக்காவது உழணும்னா வயக்காட்டுல வந்து தேடட்டும். போன் பயகிட்ட கெடக்கும்" என்றார். அஸ்ஃபியாவின் வாப்பாவும் எபியின் அப்பாவும் இன்னும் இரண்டு வீட்டு மனுஷர்களும் சரி என்று சொல்லியனுப்பினார்கள். ஸ்வீட்லின் அன்றைக்கு அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். அழுததை ஒப்புக்கொள்ள மாட்டாள், வெங்காயம் என்பாள்.

தேர்வு நாள் வந்தது. புடவை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டப்பட்டது. கொல்லைக் கதவைத் துடைத்து, தன் டச் போனை ஜன்னல் திட்டில் கதவைப் பார்க்க நிறுத்தி, பட்டன் போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் தெருப் பிள்ளைகள் நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். தலை படிய வாரி, பவுடர் பூசி, மிஷின் பக்கத்தில் கிடந்த புது யூனிபார்மில் ஏறி நிற்கிறார்கள். ஒரு வாண்டுக்குச் சட்டை முட்டிவரை தொங்குகிறது.

"யம்மா, என்னது இது?"

"ஒண்ணும் பேசாத. அதுக சும்மா உக்காந்திருக்கும்" என்றாள் சாலோமி, ஒரு பிள்ளையின் காலரை இழுத்துச் சரிசெய்தபடி. "எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? அந்த வேல கெடச்சாத்தான நமக்கு விடியும்?"

ஸ்வீட்லினுக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. அந்தச் சட்டைகளுக்குக் காஜா எடுத்த விரல்கள் அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு முறுக்கைக் கொடுத்து, "போங்கல, போயி வெளையாடுங்க. சட்டை ஒங்களுக்கேதான்" என்று அனுப்பிவைத்தாள். புது யூனிபார்மோடு அவை தெருப் புழுதிக்குள் பாய்ந்ததைப் பார்த்து சாலோமி வாயில் சேலையை வைத்துக்கொண்டாள்.

கான்பரன்ஸில் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்தார்கள். டச் போனில் சித்ரலேகா மேடம் வந்தார், பிறகு தேர்வாளர். கண்ணாடி போட்ட வயதான மனிதர். முகத்தில் சிடுசிடுப்பு ஒன்றும் இல்லை, அசதிதான் இருந்தது. காலையிலிருந்து இதே மாதிரி எத்தனையைப் பார்த்தாரோ.

"ஆரம்பிங்கம்மா. மாணவர்கள் எங்கே?"

"இங்கன இருக்காவ சார்" என்று பட்டன் போனை எடுத்துக் கேமராவுக்கு நேராகக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "விளையாடாதீங்கம்மா."

"வெளையாட்டு இல்ல சார். இவங்க வீட்டுல டச் போன் கெடையாது. தெனமும் இப்படித்தான் நடத்துதேன். அஞ்சு பேரும் லைன்ல இருக்காவ. கேளுங்க." பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று ஒவ்வொன்றாகக் குரல் வந்தது. மணிராஜுக்கு முன்னால் அவன் ஆடு வந்தது. ஸ்வீட்லின் பாடத்தை ஆரம்பித்தாள். செவ்வகத்தின் பரப்பளவை நினைவுபடுத்தி, தகட்டை எடுக்கச் சொல்லி, பேப்பரை வெட்டச் சொன்னாள். ஐந்து வீட்டுக் கத்தரிக்கோலும் கறுக் கறுக்கென்று கேட்டன.

தேர்வாளர் இடைமறித்தார். "ஒரு நிமிஷம்மா. நானே ஒரு பிள்ளையைக் கேட்கிறேன். அஸ்ஃபியா, நீ வெட்டினது செவ்வகம்தானா?"

பதில் இல்லை.

"பார்த்தீங்களா? அந்தப் பக்கம் பிள்ளை இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கா சார். அவ தலையாட்டுதா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ தொங்கட்டான் போன்ல இடிக்கி சார். எனக்குக் கேக்குல்லா. அஸ்ஃபியா, தலையாட்டாத, வாயத் திறந்து சொல்லு."

"ஆமா சார், செவ்வகம்தான்" என்றது பட்டன் போன்.

அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கையிலிருந்த மதிப்பெண் தாளைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "என் நிலைமையைப் புரிஞ்சுக்கங்கம்மா. மாணவர் முகத்தைப் பார்த்து நடத்துகிறாரா என்று ஒரு கட்டம். மாணவர் கவனிக்கிறாரா என்று ஒரு கட்டம். முகமே இல்லாமல் நான் எதைப் பார்த்து மார்க் போடுவேன்? இதை நிறுத்திக்குங்க. நாளைக்கு இன்னொரு வாய்ப்பு தரேன். நாலு பிள்ளைகளைக் கேமரா முன்னாடி உட்கார வைங்க. இல்லேன்னா இந்த வருஷம் உங்களுக்குக் கஷ்டம்தான்."

"சரின்னு சொல்லு ஸ்வீட்லின்" என்றார் சித்ரலேகா மேடம், பாதிக் குரலில். கேமராவில் படாமல் ஒதுங்கி சாலோமி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். ஸ்வீட்லின் வாயைத் திறந்தாள். என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் பட்டன் போனிலிருந்து மணிராஜ் கேட்டான்.

"டீச்சர், அப்பம் நாங்க போன வச்சிரவா? நான் ஓடிப்போயி வயக்காட்டுல அப்பாட்ட குடுத்துட்டு வந்துருவேன்."

இவ்வளவும் ஐந்து பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கிறது. முகமே இல்லை என்று ஒரு பெரிய மனிதர் சொன்னது, நிறுத்தச் சொன்னது, எல்லாம். ஸ்வீட்லினுக்குக் காது சூடேறியது.

"ஒருத்தரும் போன வைக்கப்படாது!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுப்படிப் பூனை எழுந்து ஓடியது.

விடுவிடுவென்று ஜன்னலுக்குப் போனாள். டச் போனை எடுத்தாள். அழைப்பைத் துண்டிக்கவில்லை. மிஷின் பக்கத்தில் மிச்சமிருந்த யூனிபார்ம் அடுக்கின் மேல் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"ஹலோ? ஹலோ, இங்கே ஒண்ணும் தெரியலையேம்மா!" என்றது துணிக்குள்ளிருந்து தேர்வாளரின் குரல்.

சாலோமி பதறிப்போய் அதை நிமிர்த்த ஓடிவந்தாள். ஸ்வீட்லின் சாக்பீஸ் பிடித்த கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும்மா. அவரும் கேக்கட்டும்."

பிறகு முந்தானை மடிப்பைத் தோளில் ஒரு தடவை சரிசெய்துகொண்டு, "ம், எங்கன விட்டோம்? பேப்பர மூலைக்கு மூலை வெட்டு" என்று சொல்லியபடி, கொல்லைக் கதவில் மூலைக்கு மூலை நேராக ஒரு கோடு இழுத்தாள்.